கையில் 217

2007 ஜனவரியில் அத்திபெலே பக்கத்து ஏரியில் நடந்த டிரையத்லான் போட்டியில் நீந்தினேன், சைக்கிள் மிதித்தேன். கடைசியாகப் பத்து கிலோமீட்டர் ஓட்டம்; நான்கு முடிந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, விலகிவிட்டேன். போட்டிக்கு முன் இடது கையில் மார்க்கர் பேனாவால் எழுதிய என் போட்டி எண் 217 மட்டும் விலகவில்லை.

வழக்கமாக இரண்டு குளியலில் போய்விடும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். தோல்தான் உரிந்தது. முழுக்கைச் சட்டையில் அலுவலகம் போனேன்.

“பேசாம அந்த ஓட்டத்த முடிச்சுட்டு வந்துருங்களேன்” என்று சிரித்தாள் என் மனைவி தாரணி. எனக்கு எரிந்தது.

ஏப்ரலில் வேறொரு ஏரியில் அடுத்த போட்டி. வலது கையில் 84 எழுதினார்கள். ஏரியிலிருந்து ஏறியபோது 84 கரைந்துபோயிருந்தது. முழுவதும் ஓடி முடித்தேன். 217 என்று இந்தப் போட்டியில் யாருமே இல்லை என்று சொல்லி, முடிவுப் பட்டியலில் என்னைச் சேர்க்கவில்லை.

மே மாதம் ஒரு புதன்கிழமை காலை, ஆத்திரத்தில் லீவு போட்டுவிட்டு முதல் ஏரிக்கே போனேன். விலகிய இடத்திலிருந்து மிச்சம் ஆறு கிலோமீட்டரை ஓடினேன். முன்பு முடிவுக்கோட்டுப் பந்தல் போட்டிருந்த காலி இடத்தில் ஒரு மடக்கு மேசை இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த தொப்பிக்காரர் ஸ்டாப்வாட்சை நிறுத்தினார்.

“217தானே? நாலு மாசமா ஒக்காந்திருக்கேன் சார்.”

“முடிச்சுட்டேன்ல?”

“மூணரை மணி நேரத்துல முடிச்சிருக்கணும் சார். திரும்ப தண்ணியிலேருந்து ஆரம்பிங்க.”

மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“இன்னொரு கையக் குடுங்க.”