அரைக் கணம் முந்தி

"சொந்தப் பொண்ணையே ஓட்டத்துல இருந்து வெளியே அனுப்பிட்டீங்களா டீச்சர்?"

துப்பாக்கி ரிப்பேர்க்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். அவர் முன்னால் மேஜை மேல் இருந்தது, ஓட்டப் பந்தயங்களைத் தொடங்கிவைக்கும் ரிவால்வர். குண்டு கிடையாது. சத்தமும் புகையும் மட்டும்.

"ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை" என்றாள் விளையாட்டு டீச்சர். "ரெண்டு ஓட்டத்துலயும் நான் சுடறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டா. சுடறவளும் நான்தான், சிவப்புக் கொடி காட்டறவளும் நான்தான். என்ன செய்ய? காட்டினேன்."

"வீட்டுக்குப் போனதும் வரவேற்பு பலமா இருந்திருக்குமே."

"அறைக் கதவைச் சாத்திக்கிட்டா. ரெண்டு நாளைக்கு என் முகத்தைப் பார்க்கலை."

டீச்சருக்குப் பக்கத்து ஸ்டூலில் அந்தக் குற்றவாளி உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயது. உட்கார்ந்த இடத்திலேயே முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. கண் மட்டும் ரிவால்வரை விட்டு நகரவில்லை.

"இன்னிக்கு மூணு மணிக்குக் கடைசித் தேர்வு. இன்னொரு தடவை முந்தினா அணியிலேர்ந்தே பேரை எடுத்துடுவாங்க. விசை பாதி வழியில சிக்கிச் சிக்கிப் போகுது. எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்க."

அவர் உருளையைத் திறந்து உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்தார். சுவரை நோக்கிப் பிடித்தபடி விசையை மெல்ல இழுத்தார். பாதி தூரம் வந்த விசை, மேடேறும் வண்டி போல் அங்கேயே முக்கி நின்றது. பிறகு சட்டென்று விடுபட்டு, 'டிக்'.

"எண்ணெய் விட்டீங்களா?"

"சிக்கும்போதெல்லாம் விட்டேன்."

"என்ன எண்ணெய்?"

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "தையல் மெஷின் எண்ணெய்."

"நல்லா இருக்கு. வெடிமருந்துக் கரியும் அதுவும் சேர்ந்து உள்ளே களி கிண்டி வச்சிருக்கீங்க."

பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றினார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்க்க ஆரம்பித்தார். கறுப்புக் குழம்பு வழிந்தது.

"ஆனா டீச்சர், ஒரு கணக்கு எனக்கு உதைக்குது" என்றார் தேய்த்துக்கொண்டே. "விசை சிக்கினா வெடி தாமதமாகும். ஒத்துக்கறேன். தாமதமா வந்தாலும் வெடிச்ச பிறகுதானே ஓடணும்? மத்த பொண்ணுங்க?"

"நின்னாங்க. எல்லாரும் சத்தம் வந்த பிறகுதான் கிளம்பினாங்க."

"அப்ப கோளாறு இதுல இல்ல. பொண்ணுக்குத்தான் அவசரம்."

"அவ அவசரக்காரி இல்லீங்க. காலையில அவளை எழுப்பிப் பாருங்க, தெரியும்."

"அது சரி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு."

"பொன் குஞ்சுக்கா கொடி காட்டினேன்?"

அவர் சிரித்துவிட்டார். எல்லாவற்றையும் துடைத்து, உள்ளே தன்னிடமிருந்த எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு விட்டுத் திருப்பிப் பூட்டினார். ரிவால்வரைக் காதருகே வைத்து நாலு முறை விசையை இழுத்தார். டிக், டிக், டிக், டிக்.

"முப்பது வருஷமா நான் இதுங்களைக் காதாலதான் பார்க்கறேன். சுத்தமா இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

டீச்சர் கை நீட்டினாள். அதற்குள் மகள் எழுந்து மேஜையைத் தட்டினாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். தன் ஆள்காட்டி விரலைக் காற்றில் மடக்கி, முக்கால் வழியில் ஒரு நடுக்கம் கொடுத்து நிறுத்திக் காட்டினாள்.

"இன்னும் சிக்குதாம்" என்றாள் டீச்சர்.

"என் காதுக்கு ஒண்ணும் தெரியலையே." ஆனாலும் மெதுவாக இன்னொரு முறை இழுத்தார். முக்கால் வழியில் அந்தப் பெண் 'அங்கேதான்' என்பதுபோல் கையை உயர்த்தினாள்.

அவர் முகம் மாறியது. மறுபடி தகட்டைக் கழற்றி, நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, அதன் மேல் ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தார். விசையின் ஓரத்தில் மணல் துகள் அளவு ஒரு பிசிறு. துப்பாக்கிச் சட்டத்தில் அது உரசிய தடம் கோடாக மின்னியது.

"அடிப்பாவி" என்றார் பாசத்தோடு. "இது என் கண்ணுலயே படலையே. என் தொழிலுக்கு உலை வைக்கவா வந்திருக்கே?"

மெல்லிய கல்லால் பிசிறைத் தேய்த்தார். பூட்டி, இழுத்தார். விசை வெண்ணெயில் இறங்கும் கத்தியாக வழுக்கிப் போனது. மகள் தலையசைத்தாள். முழங்கால் ஆட்டம் நின்றிருந்தது.

டீச்சர் கைக்குட்டையில் சுற்றி ரிவால்வரைப் பைக்குள் வைத்தாள். வாசல் வரை வந்த ரிப்பேர்க்காரருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குனிந்து அந்தப் பெண்ணின் தோளைத் தட்டினார்.

"துப்பாக்கிய நான் சரி பண்ணிட்டேன். இனி உன் பொறுப்பு. வெடிச் சத்தம் கேக்கற வரைக்கும் கோட்டைத் தாண்டக் கூடாது, சரியா?"

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் விரல்களாலும் ஏதோ கோலம் போடுவதுபோல் காட்டினாள். மகள் தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு தன் விரல்களால் வேகவேகமாகப் பதில் சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்றார் அவர், பாதி புரிந்தும் புரியாமலும்.

"சத்தம் கேக்கற வரைக்கும் நின்னா, பிறந்ததுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் அவ அந்தக் கோட்டுலயேதான் நின்னுட்டு இருப்பாளாம்" என்றாள் டீச்சர், மகளின் தலைமுடியைக் கலைத்தபடி. "அவ ஓடறது என் விரல் மடங்கறதைப் பார்த்துத்தாங்க."