சிவப்பு பிரேக்கும் மொட்டை டயரும்

ஒரு பழைய காருக்கென்றே தனியாக வடிவமைத்து, தாம்பாளம் அளவுக்குப் புது பிரேக் செய்து மாட்டினார்கள். சிவப்புச் சாயம் பூசிச் சந்தனப் பொட்டும் வைத்ததில் பிரேக்குக்குத் தலைகால் புரியவில்லை.

"இனி நான் நில்லுன்னா உலகமே நிக்கும்," என்றது.

"நான் தேய்ஞ்சு மொட்டையாயிட்டேன், அதை யாரும் பார்க்கலையே," என்றது டயர்.

"உங்களை யாருண்ணே கேட்டா?"

மாலையில் மழை பிடித்தது. நனைந்த சாலையில் வானமும் மரங்களும் தலைகீழாக மிதந்தன. அந்த வானத்தின் நடுவே ஓர் ஆடு வந்து நின்றது.

பிரேக் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியது. சக்கரம் சுழலாமல் நின்றது. ஆனால் ஆடு மட்டும், கனவில் வருவதுபோல், மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அண்ணே, நான்தான் நிறுத்திட்டேனே?"

"நீ நிறுத்திட்ட தம்பி," என்றது டயர், வழுக்கிக்கொண்டே. "வண்டிதான் நிக்கலை."