நகக்கண்ணுல தங்கம்

"நடுவரம்மா, முதல்ல அந்தப் பொம்பளை கையைப் பாருங்க. நகக்கண்ணுல தங்கத்தூளை ஒளிச்சு வெச்சிருந்தாலும் வெச்சிருப்பாங்க."

ஹால்வோர் இப்படிச் சொன்னதும் ஆத்தங்கரைக் கூட்டமே அவ பக்கம் திரும்பிடுச்சு.

டாசன் ஊர்ல வருஷா வருஷம் ஜூலையில நடக்கிற தங்கம் அலசுற போட்டி அது. ஆளுக்கு ஒரு வாளி மணல் குடுப்பாங்க. அதுக்குள்ள பொடிப்பொடியா தங்கத்துகளைக் கலந்திருப்பாங்க. எத்தனைன்னு நடுவருக்கு மட்டும்தான் தெரியும். மணலைத் தட்டுல போட்டு, தண்ணித்தொட்டியில முக்கிச் சுழட்டிச் சுழட்டி அலசணும். லேசான மணல் விளிம்பைத் தாண்டி ஓடிடும், கனமான தங்கம் அடியில தங்கிடும். முதல்ல முடிக்கிறவங்களுக்குத்தான் ஜெயம், ஆனா துகள் குறைஞ்சா தண்டனையா நேரத்தைக் கூட்டிடுவாங்க.

அந்தக் குறையை மறைக்க நகத்துக்குள்ள சொந்தத் தூளைக் கொண்டுவந்து உதிர்த்த ஆளுங்களும் இங்க இருந்திருக்காங்க. அதனால ஹால்வோர் சொன்னது சாதாரணப் பேச்சு இல்ல. ஊரைக் கூட்டி வெச்சுத் திருடின்னு சொன்ன மாதிரி.

அதுவும் யாரை? எங்க சுரங்க முகாம் சமையல்காரி டெல்ஃபீனை. நான் அங்க மண்ணள்ளுற லோடர் வண்டி ஓட்டுறவன். அவ ஆக்கிப் போட்டதைத் தின்னு வளர்ந்த தொப்பை இது. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்.

டெல்ஃபீனுக்கு இந்தப் போட்டி விளையாட்டு இல்ல. எங்க முகாம்ல கடைசியா மிஞ்சுற கருமணலைக் காந்தம் வெச்சு இழுத்துட்டு, மிச்சத்தை அலசித் தங்கத்தைத் தனியா எடுக்க ஒரு கொட்டகை இருக்கு. அந்த வேலை வேணும்னு அவ ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தா. முதலாளி கெர்வின் சிரிச்சார். கரண்டி பிடிக்கிற கைக்கு அதெல்லாம் படியாதுன்னார்.

அவ விடல. குளிர்காலம் முழுக்க, துணி துவைக்கிற தொட்டியில, ஈயக் குண்டைத் தட்டையா நசுக்கி மணல்ல கலந்து அலசிப் பழகினா. விரல் விறைச்சுப் போனா அடுப்புல காட்டிட்டு மறுபடியும் உட்கார்ந்துடுவா. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துட்டுத்தான் முதலாளி இறங்கி வந்தார். போட்டியில ஜெயிச்சா கொட்டகை அவளுக்கு, தோத்தா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டார்.

ஹால்வோரும் போட்டியில நிக்கிறவர்தான். கோப்பை பல வருஷமா அவர் வீட்டுலதான் இருக்கு. கிழவருக்குப் பயம் பிடிச்சுக்கிச்சுன்னு பக்கத்துல ஒருத்தன் முணுமுணுத்தான். எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு.

நடுவர் நோரீன், இது நிஜமாவே புகார்தானான்னு அவரைக் கேட்டா. ஆமாம்னார். அதோட விட்டாரா மனுஷன்? வெறுமனே பார்த்தா ஆகாது, சோப்புப் போட்டு, பிரஷ்ஷால நகத்தைத் தேய்ச்சு, முழங்கை வரைக்கும் கழுவணும்னு பிடிவாதம் பிடிச்சார்.

கூட்டம் அவரைப் பார்த்து ஊளையிட்டுச்சு. டெல்ஃபீன் முகம் வெளுத்துப் போச்சு. ஆனாலும் அசரல.

"கழுவுறேன். கழுவிட்டு வந்து உங்களை ஜெயிக்கிறேன், பாருங்க."

கழுவினா. நோரீன் அவ நகத்தை ஒண்ணொண்ணா வெயில்ல பிடிச்சுப் பார்த்தா. ஒண்ணும் இல்ல. கூட்டம் இன்னும் பலமா ஊளையிட்டுச்சு. ஹால்வோர் யார் முகத்தையும் பார்க்காம தன்னோட தட்டை எடுத்துக்கிட்டார்.

மணி அடிச்சுது. டெல்ஃபீன் தொட்டி மேல குனிஞ்சவ நிமிரவே இல்ல. தட்டை ஒரு சாய்ப்பு, ஒரு சுழட்டு, ஒரு தட்டு. மணல் அடுக்கடுக்கா வழிஞ்சு போச்சு. எல்லாருக்கும் முன்னாடி அவதான் கையைத் தூக்கினா. எண்ணிப் பார்த்தாங்க, ஒரு துகள் குறையல. ஹால்வோர் ரெண்டாவது.

நான் தொண்டை கிழியக் கத்தினேன். கெர்வினும் வந்தார். திங்கக்கிழமையே கொட்டகைக்கு வந்துடச் சொன்னார். இனிமே காலையில யார் பான்கேக் சுடுவாங்கன்னு அவருக்கு அப்பவே கவலை.

எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கல. ஹால்வோர் தன் வண்டிகிட்ட தனியா நின்னார். ஒருத்தரும் அவருக்குக் கை குடுக்கல. நேரா போய்க் கேட்டேன்.

"இத்தனை பேர் முன்னாடி அவளைத் திருடின்னு சொன்னீங்களே, உங்களுக்கே இது நல்லாயிருக்கா?"

அவர் பதில் சொல்றதுக்குள்ள டெல்ஃபீன் வந்துட்டா. நல்லா நாலு கேட்கப் போறான்னு நான் ஒதுங்கி நின்னேன். அவ அவரோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. கண்ணு கலங்கிடுச்சு. எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல.

அப்புறம் அவளே சொன்னா. காலையில முகாமுக்கே பன்றிக்கறி வறுத்துட்டு, நேரமாச்சேன்னு கையைத் துணியில துடைச்சுக்கிட்டு ஓடி வந்திருக்கா. கையில பன்றிக்கொழுப்பு மினுங்கினது பக்கத்துத் தொட்டியில நின்ன ஹால்வோர் கண்ணுல பட்டிருக்கு. கொழுப்புப் பிசுக்கு பட்டா பொடித்தங்கம் முழுகாது. தண்ணி மேல மிதந்து மணலோட மணலா வெளியே போயிடும்.

"பதட்டத்துல அது எனக்கு நினைப்பே இல்ல. கழுவுற தண்ணியில எண்ணெய் மிதக்கிறதைப் பார்த்தப்பதான் புரிஞ்சுது. அப்படியே அலசியிருந்தா இன்னிக்கு என் கதை முடிஞ்சிருக்கும்"னு சொன்னா.

நான் விடல. "அதுக்குத் திருடின்னு பட்டம் கட்டணுமா? கையில பிசுக்கு இருக்கு, கழுவிட்டு வாம்மான்னு சொல்லியிருக்கலாமே?"

ஹால்வோர் வண்டிக் கதவைத் திறந்துக்கிட்டே சொன்னார்.

"போட்டியில நிக்கிறவங்களுக்கு யாராவது யோசனை சொன்னா, அதைக் கேட்டவங்களைப் போட்டியை விட்டே தூக்கிடுவாங்கப்பா. புகார் சொன்னா, கையை மட்டும்தான் கழுவச் சொல்வாங்க."