லாஸ்ட் கிரேடு

"எவடி எம்மக பிளெக்ஸ அறுத்தது?"

முருகேஸ்வரி போட்ட சத்தத்தில் போடிமெட்டு பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது.

நேற்று மதியம்தான் கட்டிய பிளெக்ஸ். மகள் இந்துவின் படம், மேலே வாழ்த்து, கீழே பேர். பேருக்குக் கீழே சிவப்பில் பெரிதாக பி.காம். என்று போட்டிருந்தது. இப்போது அந்த இடத்தில் ஓர் ஓட்டை. அது வழியாகப் பின்னால் இருந்த டீக்கடை தெரிந்தது.

முருகேஸ்வரி ஏலக்காய் ஸ்டோரில் இருபது வருஷமாகக் காயைத் தரம் பிரிக்கிறவள். அங்கே வேலை பார்க்கிறவர்கள் வீட்டிலிருந்து சர்க்கார் வேலைக்குப் போகிற முதல் பிள்ளை இந்துதான். லாஸ்ட் கிரேடு என்று பேர். ஆபீஸில் ஃபைல் தூக்குகிற வேலை. கடைசி கிரேடாக இருந்தால் என்ன, கேரளா சர்க்கார் சம்பளம் இல்லையா? இந்து சர்ட்டிபிகேட் காட்டத் தொடுபுழா போயிருந்த நேரத்தில், வந்ததும் அசந்து போகட்டும் என்று அம்மா அடித்து வைத்த பிளெக்ஸ் அது.

கூட வேலை பார்க்கும் மூக்கம்மாள் மெல்ல வந்து காதைக் கடித்தாள்.

"காலைல பால் வாங்க வந்தேன்க்கா. ஜிஸ்மிதான் ஸ்டூல் போட்டு ஏறி நின்னா. கையில பிளேடு."

அவ்வளவுதான். தொழிலாளர் லயத்திலிருந்த ஜிஸ்மி வீட்டுக்கு முருகேஸ்வரி போன வேகத்தில் செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. எடுக்கவில்லை.

"வெளிய வாடி ஜிஸ்மி!"

ஜிஸ்மி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளும் அதே ஸ்டோரில் காய் பிரிக்கிறவள்தான். இந்து எழுதிய அதே பரீட்சையை எழுதியவள்.

"மதினி, உள்ள வாங்க, பேசுவோம்."

"மதினியாம் மதினி! உன் வீட்டு வாசப்படி மிதிக்கவா வந்தேன்? அறுத்தியா இல்லியா? அதச் சொல்லு!"

"அறுத்தேன்."

இல்லை என்று சாதித்திருந்தால்கூட முருகேஸ்வரிக்கு இவ்வளவு பற்றிக்கொண்டு வந்திருக்காது. லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

"ஏன்டி அறுத்த?"

ஜிஸ்மி கூடி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தாள். "உள்ள வாங்க மதினி. வெளிய வச்சு வேணாம்."

"கேட்டீங்களா? வெளிய சொல்ல வாய் வரல இவளுக்கு! நான் சொல்றேன். எம்மக பத்தாப்புல எல்லாத்துலயும் ஏ பிளஸ். இவ டி பிளஸ்ல தட்டித் தடுமாறிப் பாசானவ. எம்மக பட்டம் வாங்கிட்டா, வேலையும் வாங்கிட்டா. இவளுக்கு வயசு தாண்டிருச்சு, இனி பரீட்சையே எழுத முடியாது. அந்த வயித்தெரிச்சல்!"

ஜிஸ்மி கதவை அகலத் திறந்து, உள்ளே வரும்படி கை காட்டினாள். அதுவும் திமிராகத்தான் பட்டது.

"இருவது வருசமாக் காய் பாக்குறேன்டி நான். எது முதல் தரம், எது கழிவுன்னு கையில எடுத்தாலே தெரியும். நீ கழிவு! சல்லடைக்குக் கீழ கொட்டுற கழிவு!"

யாரோ 'ச்சே' என்றார்கள். ஜிஸ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜீப்பிலிருந்து இறங்கி, தோள் பையோடு இந்து வேகமாக வந்தாள்.

"என்னம்மா, எதுக்கு இவ்வளவு கூட்டம்?"

"வா, வந்து பாரு! மெட்டுல உனக்கு பிளெக்ஸ் வச்சேன். பி.காம்.னு செவப்புல போட்டிருந்தத இந்தப் பாவி அறுத்துட்டா!"

இந்துவின் முகம் வெளுத்துப் போனது.

"பி.காம்.னா? யாரும்மா அதப் போடச் சொன்னது?"

"நான்தான்! பிரஸ்காரன் பேரு மட்டும் போதுமான்னான். எப்படிப் போதும்? மூணு வருசம் மலை எறங்கி போடிக்குப் போயிப் படிச்சது என்ன சும்மாவா?"

ஜிஸ்மி இந்துவின் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "அடுப்புல போட்டுட்டேன். பயப்படாத," என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பாத்தியா, எரிச்சே போட்டாளாம்!" என்று மறுபடி பாயப்போன அம்மாவை, இந்து கையைப் பிடித்துத் தரதரவென்று தங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"உனக்கு அறிவிருக்காம்மா? லாஸ்ட் கிரேடு வேலைக்கு டிகிரி படிச்சவங்க போகவே கூடாது. அது டிகிரி இல்லாதவங்களுக்குன்னே வச்ச வேல. நான் டிகிரி இல்லன்னு பொய் எழுதிக் கொடுத்திருக்கேன். அந்த பிளெக்ஸ எவனாவது போட்டோ எடுத்து அனுப்பியிருந்தா, என் வேல போயிருக்கும். கேஸு வேற."

முருகேஸ்வரி தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஆனால் ஊரைக் கூட்டிக் கத்திய கோபம், சொன்னவுடன் இறங்கி விடுமா?

"எங்கிட்ட முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன? சரி, நல்லதுக்குத்தான் அறுத்தான்னா அவளாவது சொல்லலாம்ல? அம்புட்டுப் பேச்சுப் பேசுனேனே, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தா?"

"லயமே நிக்குது. அத்தனை பேர் முன்னாடி எப்படிச் சொல்லுவாங்க? சொன்னா நான்தானே மாட்டுவேன்?"

"மாட்டுனா அவளுக்கு என்ன வந்துச்சாம்?"

இந்து தோள் பையை இறக்கி வைத்தாள். அம்மாவின் மேல் இருந்த கோபமெல்லாம் இப்போது தன் மேலேயே திரும்பியிருந்தது.

"ரேங்க் லிஸ்டுல எனக்கு அடுத்த பேரு ஜிஸ்மி அத்தைதாம்மா. நான் மாட்டியிருந்தா, இந்த வேல அவங்களுக்குத்தான் கெடச்சிருக்கும்."