நூறு வயசுத் தரை

"அந்த அடிக்கிற வேலையை மட்டும் நான் வெளியே போயிருக்கும்போது வெச்சுக்க முடியுமா?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா.

"எப்பப் போவீங்க?"

"சாயங்காலம் கடைக்குப் போவேன்."

"அஞ்சு மணிக்கு வீடு வாங்கறவர் வர்றார்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? அடிச்சு, தேய்ச்சு, நிறம் ஏத்தி, அது காய்ஞ்சு, மெழுகு போடணும். இப்ப ஆரம்பிச்சாத்தான் உண்டு."

அம்மா தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே குழாயை முழுசாகத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

மரத்துக்கு வலிக்குமாம். வசதியானவங்களுக்கு வர்ற நோவே தனிதான் என்று பாலிஷ்காரர் நினைத்துக்கொண்டார்.

வேலை என்னவோ எட்டே பலகை. குழாய் கசிந்து கூடத்து ஓரம் உளுத்துப்போனதால் புது ஓக் பலகை போட்டிருந்தார்கள். நூறு வருஷத் தரைக்கு நடுவில் அது கிழவன் வாயில் பல்செட் மாதிரி இளித்தது.

வாங்க வந்தவர் கறாராகச் சொல்லியிருந்தார். "எது புதுசு எது பழசுன்னு எனக்கே தெரியக் கூடாது. தெரிஞ்சா வீடு வேண்டாம்."

வீடு கைமாறினால்தான் அம்மா இந்த இடத்தை விட்டு மகள் வீட்டோடு போக முடியும். பெட்டிகளைக்கூடக் கட்டி வைத்தாகிவிட்டது.

அதே கசிவுக்காக மாற்றிய சுவர்ப் பலகையைப் பாலிஷ்காரர் நேற்றே முடித்துவிட்டார். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை இரண்டு நாள் வினிகரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைத் தடவினால் போதும். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே ஓக் மரத்துக்கு வயசாகிவிடும்.

"ஐயா எங்கேம்மா?" என்று நேற்று அதைத் தடவும்போது அம்மாவிடம் கேட்டார்.

"போய்ச் சேர்ந்துட்டார். ஆறு மாசம் ஆச்சு." மழை விட்டுவிட்டது என்பதுபோல் சொன்னார் அம்மா.

தரைக்கு வினிகர் மட்டும் பற்றாது. நாற்காலி விழுந்து, பாத்திரம் விழுந்து நூறு வருஷம் பட்ட அடியை ஒரே காலையில் கொடுத்தாக வேண்டும். அதற்கு ஒரு இரும்புச் சங்கிலி. வரிசையாக அடித்தால் திருட்டுத்தனம் தெரிந்துபோகும். கோபக்காரன் மாதிரி கண்மண் தெரியாமல் அடிக்க வேண்டும்.

ஓங்கி ஒரு போடு போட்டார். இன்னொன்று. பத்தாவது அடி விழுவதற்குள் வாசல் கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

திறந்தால், கீழ்வீட்டுக்காரர். குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி.

பாலிஷ்காரருக்குப் பார்த்ததுமே ஆளை அடையாளம் தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன் இதே ஆள், "லிப்ட் குடியிருக்கறவங்களுக்கு மட்டும்" என்று சொல்லி, தேய்க்கிற மெஷினை நாலு மாடி சுமக்க வைத்தவர். பாலிஷ்காரர் மற்ற கறைகளைப் போக்குவாரே தவிர, மனசில் பட்டதை மெழுகு போட்டுப் பத்திரமாக வைத்திருப்பவர்.

ஆனால் செக்ரட்டரிக்கு மூச்சு வாங்கியது. ஒரு காலில் ரப்பர் செருப்பு, மறு காலில் தோல் செருப்பு. பின்னால் அவர் மனைவி, கையில் கரண்டியோடு.

"என்ன அடி அது? என்ன நடக்குது இங்கே?"

பாலிஷ்காரர் சங்கிலியைக் காட்டினார். பலகையைக் காட்டினார். விஷயத்தைச் சொன்னார்.

செக்ரட்டரி குனிந்து புதுப் பலகையைத் தடவிப் பார்த்தார். "அருமையான மரமாச்சே! இதைப் போட்டு அடிக்க எப்படிய்யா கை வருது?" பிறகு நிமிர்ந்தார். "வேலை செய்யணும்னா மூணு நாள் முன்னாடி லெட்டர் தரணும். நிறுத்துங்க."

சமையலறைக் கதவு திறந்தது. அம்மாவின் முகம் வெளுத்திருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க சார். முடியலைன்னா அவர் வாங்க மாட்டார். நான் இங்கேயேதான் கிடக்கணும்."

செக்ரட்டரி மனைவியைப் பார்த்தார். மனைவி, "போகட்டும், பாவம்" என்றார்.

"சரி. இருபது வருஷப் பழக்கத்துக்காக விடறேன். மூணு மணிக்குள்ள சத்தம் அடங்கிடணும்."

பாலிஷ்காரருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஜோடி மாறிய செருப்பை மறுபடி பார்த்தார். நல்ல மனுஷனைத்தான் ஆறு வருஷமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தோமோ?

"சார், ஒண்ணு சொல்லணும். யாரையோ போட்டு அடிக்கறாங்கன்னு பதறி ஓடி வந்தீங்க பாருங்க, அது பெரிய மனசு. இந்தக் காலத்துல யார் வர்றா?"

செக்ரட்டரி அவமானப்பட்டவர்போல் பார்த்தார்.

"யாரையோ அடிக்கறதுக்கெல்லாம் நாங்க ஏன்யா வரப்போறோம்? தரை உடைஞ்சு எங்க தலையில விழுந்துடுமோன்னு வந்தோம். அவர் இருந்தப்ப இந்தம்மாவை அடிக்கிற சத்தம் இதைவிடப் பெருசா கேக்கும். தெனமும். புருஷன் பொண்டாட்டி சமாச்சாரத்துல தலையிடற குடும்பமா நாங்க? ஒரு நாளாவது மேலே வந்து கதவைத் தட்டியிருப்போமா, அம்மாவையே கேளுங்க!"

பாலிஷ்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இல்லை. ஒரு நாள்கூட வந்ததில்லை" என்றார் அம்மா.