நாலாவது புகார்

கதவைத் திறந்த பிமலின் சட்டைக் கையில் ரத்தம் காய்ந்து அப்பியிருந்தது. வாசலில் நின்ற இரண்டு போலீஸ்காரர்களில் இளையவனின் கை தானாகத் தடிக்குப் போனது.

"மீன் ரத்தம் சார். மொத்தச் சந்தையில சூரை வெட்டுறேன். விடியறதுக்கு முன்னாடி போயிட்டு மத்தியானம் வந்தேன், அப்படியே படுத்துட்டேன்."

"கார்டை எடுங்க."

ஜப்பான் குடியிருப்பு அட்டையை நீட்டினான். பிமல் புன், நேபாளம், வயது முப்பத்தொன்று. மூத்த போலீஸ்காரர் அதை முன்னும் பின்னும் திருப்பினார். இந்த மாதத்தில் நாலாவது தடவையாகத் திருப்புகிறார்.

"சாயங்காலமானா உங்க வீட்ல அடிதடி, அலறல்னு மறுபடியும் புகார் வந்திருக்கு."

"இங்க தனியாத்தான் சார் இருக்கேன். யாரை அடிக்க? சுவரையா?"

"அவன்தான்! அவனேதான்!"

மேல் வீட்டு மொரிஷிதா அம்மாள் மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். எழுபத்தாறு வயது, புருஷன் போனபிறகு தனியாக இருக்கிறாள் என்று கட்டடத்தில் பேச்சு. இடது கன்னம் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. படியில் விழுந்துவிட்டாளாம்.

"தினமும் ஆறு மணிக்கு ஆரம்பிச்சிடறான். இன்னும் கால் மணிதானே இருக்கு? நின்னு உங்க காதாலயே கேட்டுட்டுப் போங்களேன். டீ போட்டுத் தரேன்."

"எங்களுக்கு வேற வேலை இருக்கும்மா" என்றார் மூத்தவர். பிறகு பிமலிடம் குரலைத் தாழ்த்தி, "இன்னொரு தடவை புகார் வந்தா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம். விசா புதுப்பிக்கிற நேரம் உங்களுக்கு, பாத்துக்கோங்க" என்றார்.

அவர்கள் தெருவில் இறங்கிப் போவதையே பார்த்துக்கொண்டு அவள் படியில் நின்றாள். பிமல் கதவை அறைந்து சாத்தினான்.

ஓசாகாவுக்கு வந்த ஆறு வருஷத்தில் குப்பையைக்கூடக் குறித்த கிழமை மாற்றிப் போட்டதில்லை அவன். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிக் கடிதம் அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் மனைவி வருவதாக இருந்தது. வழக்கமாக இந்நேரம் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கியிருப்பான். இன்று ஆத்திரத்தில் கண் மூடவில்லை.

சரியாக ஆறு மணிக்குக் கூரை அதிர்ந்தது.

முதலில் பாத்திரம் உருளும் சத்தம். பிறகு பாரமாக எதுவோ தரையில் விழுந்தது. அதன் பிறகு கேட்டது ஒரு பெண்ணின் அலறல். யாரோ வாயைப் பொத்தியது போல அது பாதியில் நின்றது.

பிமல் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். கதவு பூட்டியிருக்கவில்லை.

தோள்வரை முடி தொங்கும் தடித்த ஆள் ஒருவன் மொரிஷிதா அம்மாளின் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்து அவள் முகத்தைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். வெறுங்கால், கசங்கிய இரவு உடை. சுவரில் ரத்தம் கோடாக வழிந்தது.

"திருட்டு நாயே, விடுடா!"

அவன் திரும்பினான். அடுப்பு மேடையிலிருந்த கத்தி கைக்கு வந்தது. பிமல் கையை உயர்த்தித் தடுப்பதற்குள் முன்கையில் சதை பிளந்துகொண்டது.

"யார்ரா நீ? உள்ள வராத! உள்ள வராதடா!" என்று அவன் வெறிபிடித்தவன் போலக் கத்தினான்.

இரண்டாவது வீச்சில் பிமல் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். தினமும் ஆள் உயரச் சூரைமீன்களின் முதுகெலும்பை உடைக்கும் கைகள் அவை. ஒரே முறுக்கு. பச்சை மூங்கில் முறிவது போலச் சத்தம் கேட்டது. கத்தி தெறித்து விழ, ஆள் குப்புறச் சரிந்தான். பிமல் அவன் கழுத்தில் முழங்காலை ஊன்றி, முகத்தைத் தரையில் தேய்த்தான். ஒரு மாத ஆத்திரமும் அந்த முழங்காலில் இறங்கியது.

"போதும்! செத்துடுவான்! விடு!" மொரிஷிதா அம்மாள் அவன் முதுகில் தொற்றிக்கொண்டு தோளைக் கடித்தாள்.

எதிர்வீட்டுக்காரி போன் செய்திருந்தாள். தெருமுனைப் போலீஸ் சாவடியிலிருந்து அதே போலீஸ்காரர்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது பிமல் மட்டும்தான். இளையவனின் தடி அவன் தோளில் இறங்கியது. மறு நொடி அவன் முகம் பாயில் அழுந்தியிருந்தது, கைகள் முதுகுக்குப் பின்னால் விலங்கில்.

"பாட்டியைக் கேளுங்க சார்! நான் காப்பாத்த வந்தேன்!"

மூத்தவர் அவளைப் பார்த்தார். "யாரும்மா இந்த ஆளு? திருடனா?"

உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி ஊளையிடுபவன் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். அவன் வாயோரம் வழிந்த எச்சிலைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள்.

"என் பையன். யசுஹிரோ. பத்தொன்பது வருஷமா இந்த வீட்டை விட்டு வெளிய வரல."

இளையவன் பிமலின் விலங்கைக் கழற்றினான். ஆம்புலன்ஸ் ஆட்களும் வந்ததும், மகனை நாலு பேராகச் சேர்ந்து கீழே இறக்கினார்கள். அவன் கடைசிப் படிவரை அம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே போனான்.

இன்னொரு ஆம்புலன்சுக்குள் அவளும் பிமலும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவன் கைக்கட்டில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

"உங்களை அடிச்சது உங்க பையன். அப்புறம் ஏம்மா நாலு தடவையும் என் மேல புகார் கொடுத்தீங்க?"

அவள் வண்டியின் தரையில் மண்டியிட்டு, நெற்றி அவன் காலைத் தொடும்வரை குனிந்தாள்.

"வெளிநாட்டுக்காரன்னு சொன்னாத்தாம்பா போலீஸ் உடனே வருது."