ஒரு சாட்சி போதும்

“வில்லாக்காரங்ககிட்ட பணம் வாங்கினீங்களா, இல்லையா? அதை முதல்ல சொல்லிடுங்க.”

ரோகிணி மைக்கை நகர்த்தி வைத்தாள். எதிரே தேவசகாயம் உட்கார்ந்திருந்தார்.

அவர் என்ன சொன்னால் என்ன, ஊர் தீர்ப்பு எழுதிப் பத்து வருஷம் ஆகிறது. திருப்போரூர் பக்கத்தில் இருக்கும் அந்த ஏரிக்கு அவர்தான் நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் மூடுவதும் கரையைக் காப்பதும் அவர் குடும்பத்து வேலை. 2015 டிசம்பர் மழையில் ஏரி தளும்பிக் கரையில் விரிசல் விட்டது. ஏதாவது ஒரு ஓரத்தில் வெட்டிவிட்டால்தான் மொத்தக் கரையும் உடையாது. கிழக்கே, தாழ்வில், புதிதாக முளைத்த நாற்பது வில்லாக்கள். மேற்கே அவர் பிறந்து வளர்ந்த காலனி.

மனுஷன் மேற்கே வெட்டினார். காலனியில் ஒரு சுவர் மிஞ்சவில்லை. அவர் மனைவி ரெபேக்காவையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

காசுக்குக் கைநீட்டிவிட்டான் என்றது ஊர். பெற்ற மகள் ஹெலனும் அதையே நம்பினாள். ஓசூருக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள் அப்பாவின் முகத்தில் விழிக்கவே இல்லை.

அந்த ஹெலன்தான் ரோகிணிக்கு எழுதினாள். ரோகிணி பகலில் கேளம்பாக்கத்தில் ஐடி வேலை பார்க்கிறாள். மிச்ச நேரத்தில் ‘ஆறிப்போன வழக்கு’ என்று ஒரு பாட்காஸ்ட். பழைய சம்பவங்களைத் தோண்டி, ஊர் தப்பாகப் புரிந்துகொண்டவர்களுக்கு நியாயம் தேடித் தருகிற நிகழ்ச்சி. நேரில் கண்ட ஒரு சாட்சியாவது இல்லாமல் எதையும் வெளியிட மாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

‘ஏன் எங்க பக்கம் வெட்டினார்னு ஒரே ஒரு சாட்சி சொன்னாப் போதும் மேடம். அடுத்த பஸ்ஸுல வந்து அப்பா கால்ல விழுறேன்’ என்று எழுதியிருந்தாள் ஹெலன்.

ரோகிணிக்கும் இது தெரியாத கதையில்லை. அந்த நாற்பது வில்லாக்களில் ஒன்று அவளுடைய வீடு. அப்பா சதாசிவம்தான் அன்றைக்கு அசோசியேஷன் செக்ரட்டரி. வெள்ளம் வடிந்ததும் காலனிக்காரர்களுக்கு அவர் அரிசிப் பை கொடுத்தார். பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தது ரோகிணி. அப்போது எடுத்த போட்டோ இன்னும் ஹாலில் தொங்குகிறது. இதையெல்லாம் தேவசகாயத்திடம் அவள் சொல்லிக்கொள்ளவில்லை. நிகழ்ச்சி நடத்துகிறவள் நடுநிலையாக இருக்க வேண்டுமாம்.

“பணமும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா” என்றார் தேவசகாயம். “எங்காளுங்க அல்லாரையும் மேட்டுல கீற சர்ச்சுக்கு ஏத்தி வுட்டுட்டேன். காலனி காலியா இருந்திச்சு. வில்லாவுல அல்லாரும் உள்ளே இருந்தாங்க. ஆளு இல்லாத பக்கந்தானே வெட்டணும்?”

“அவங்ககிட்டயும் முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“போனேனே.”

சாயங்கால மழையில் ஓடிப்போய் வில்லா கேட்டில் நின்றதைச் சொன்னார். செல்போன் டவர் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. வாட்ச்மேன் ஒடிசாவிலிருந்து புதிதாக வந்தவன். கரை உடையப்போகிறது என்று இவர் கத்தியதில் பாதிகூட அவனுக்குப் புரியவில்லை.

“பேரு கேட்டான், சொன்னேன். எங்கேர்ந்து வர்றேன்னு கேட்டான். சர்ச்சாண்டேர்ந்து வரேன், அல்லாரையும் அங்க கூட்டினு போவணும்னேன். செக்ரட்டரி வூட்டுக்கு இன்டர்காம் போட்டு அப்டியே சொன்னான். ஒரு பொண்ணு எடுத்துச்சு. ‘சர்ச் ஆளுங்களா? எங்களுக்கு அதெல்லாம் வேணாம், அனுப்பிடுங்க’ன்னுச்சு. ஸ்பீக்கர்ல எனக்கே கேட்டுச்சு. அவன் கேட்டைச் சாத்திட்டான்.”

ரோகிணி குனிந்து மைக்கையே பார்த்தாள்.

“நான் திரும்பி ஓடியாறதுக்குள்ள விரிசல் கையகலம் ஆயிடுச்சு. வெட்டிட்டேன். பொண்ணோட மார்க் ஷீட்டை எடுக்க ரெபேக்கா திரும்ப வூட்டுக்குப் போனது எனக்கு இன்னா தெரியும்?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரோகிணிக்கு, அன்று படித்துக்கொண்டிருந்த கதையை விட்டு எழுந்துபோய் இன்டர்காமை எடுத்த எரிச்சல்வரை இப்போது ஞாபகம் வந்தது. “இந்த மழையிலும் மதப் பிரசாரத்துக்கு விடாம வர்றாங்கப்பா” என்று அவள் சாப்பாட்டு மேஜையில் சொன்னதும், அப்பா சிரித்ததும், அவளும் சேர்ந்து சிரித்ததும்.

“நீங்க கேட்டுக்கு வந்ததுக்கு சாட்சி யாராவது இருக்காங்களா?” பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

“வாட்ச்மேன் அந்த மாசமே ஊருக்குப் பூட்டான்.”

“அந்தப் பொண்ணு?”

தேவசகாயம் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “யாருன்னு தெரியலம்மா. சின்னப் பொண்ணு குரலு. அதுக்கு இன்னா தெரியும், பாவம்.”

ரோகிணி மைக் வயரைச் சுருட்டிப் பையில் போட்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் பின்னாலேயே வந்தார்.

“செக்ரட்டரி சார் நல்லா கீறாராம்மா? அன்னிக்கி நீ குடுத்த அரிசி எனக்கு ரெண்டு வாரம் வந்துச்சு.”

அவள் திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டுக்கு வந்து பதிவை மூன்று தடவை கேட்டாள். அழுகை வந்தது, அழுதாள். அதற்குள் ஹெலனிடமிருந்து செய்தி வந்துவிட்டது. ‘மேடம், சாட்சி கிடைச்சுதா? பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுடட்டுமா?’

ஹாலில் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே அரிசிப் பை போட்டோ. ரோகிணி எழுதினாள், அழித்தாள், திரும்ப எழுதினாள். கடைசியில் அனுப்பினாள்.

‘மன்னிக்கவும் ஹெலன். எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன். சாட்சி என்று யாருமே கிடைக்கவில்லை.’